நெல்லை ரயிலிலிருந்து மெட்ரோவுக்கும் ஏர்போர்ட்டுக்கும்: நம் ஊர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி என்று நம் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் பிள்ளை வேலை பார்க்கும் வீடு இருக்கும். பலர் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறார்கள், மற்றவர்களுக்குச் சென்னைதான். அது போக ஆஸ்பத்திரி, ஹைகோர்ட், இன்டர்வியூ, கல்யாணம் என்று சென்னைக்குப் போகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, விடியற்காலையில் எழும்பூர் வாசலில் நின்று, "இனி எப்படிப் போக?" என்று யாருக்காவது போன் போடுகிறார்கள். அப்படி என் வீட்டிலிருந்தே எனக்கு நிறைய போன் வந்திருக்கிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியதை, இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே இறங்குவது என்பதை ஊரிலேயே முடிவு செய்யுங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சென்னை என்றால் எழும்பூர் என்றே பழகிவிட்டோம். ஆனால் ஏர்போர்ட் போகிறவர்கள் எழும்பூர் வரை போகவே தேவையில்லை.

தெற்கேயிருந்து வரும் ரயில் தாம்பரத்தைத் தாண்டினால் திரிசூலம் வழியாகத்தான் எழும்பூர் போகும். திரிசூலம் ஸ்டேஷனுக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம்தான் விமான நிலையம். நம் வண்டி அங்கே நிற்காது. அதனால் எழும்பூர் டிக்கெட் எடுத்தவர்கள் ஏர்போர்ட்டைத் தாண்டிப் போய், நகரத்துக்குள் இறங்கி, வந்த வழியே திரும்ப வருகிறார்கள். முதல்முறை அப்பாவை அழைத்துக்கொண்டு போனபோது நானும் அதைத்தான் செய்தேன். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். விமானம் ஒன்று தாழ்வாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏல, ஏர்போர்ட் இந்தா இருக்கே, இங்கனயே இறங்கியிருக்கலாம்லா?" என்று கேட்டார். எழும்பூர் போய்த் திரும்பி வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போனது. விமானம் கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பதற்றம் அவருக்குத் தேவையே இல்லை.

ஆகவே, ஏர்போர்ட் போகிறவர்கள் தாம்பரத்தில் இறங்குங்கள். நெல்லை எக்ஸ்பிரஸும் தாம்பரத்தில் நிற்கும், காலை 6 மணி வாக்கில் திருநெல்வேலியில் கிளம்பும் வந்தே பாரத்தும் நிற்கும். வந்தே பாரத்தில் வந்தால் மதியத்துக்கு மேல் தாம்பரம், எனவே மாலை, இரவு விமானங்களுக்கு அது ரொம்ப வசதி. தாம்பரத்தில் இறங்கியதும் நடை மேம்பாலம் ஏறி லோக்கல் ரயில் ஓடும் பிளாட்பாரத்துக்குப் போய், சென்னை கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியில் ஏறுங்கள். லோக்கலுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், சில ரூபாய்தான் ஆகும். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவது திரிசூலம். லோக்கல் ஒரு ஸ்டேஷனில் அரை நிமிடம் போல்தான் நிற்கும், அதனால் பல்லாவரம் தாண்டியதும் பைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிடுங்கள். முதல் வகுப்புப் பெட்டியில் தெரியாமல் ஏறிவிடாதீர்கள், பரிசோதகர் வந்தால் அபராதம். திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்தால் ஏர்போர்ட் பக்கம் வந்துவிடலாம்.

பெரிய பெட்டி இரண்டு மூன்று இருக்கிறது, கூடவே வயதானவரும் இருக்கிறார் என்றால் படியேறி இறங்கும் இந்த வழி வேண்டாம். தாம்பரத்திலிருந்தே ஆட்டோவோ டாக்சியோ பிடியுங்கள். எழும்பூரிலிருந்து பிடிப்பதை விடத் தூரமும் குறைவு, காசும் குறைவு.

நகரத்துக்குள் வேலை இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. சென்ட்ரல், ஹைகோர்ட், அண்ணா நகர், கோயம்பேடு பக்கம் என்றால் எழும்பூர் வரை போய் அங்கே மெட்ரோ ஏறுங்கள். கிண்டி, சைதாப்பேட்டை, நந்தனம் பக்கம் என்றால் தாம்பரத்தில் இறங்கி லோக்கலில் கிண்டி வரை வந்து, அங்கே மெட்ரோவுக்கு மாறுங்கள். கிண்டியிலும் பரங்கிமலையிலும் லோக்கல் ஸ்டேஷனும் மெட்ரோ ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இன்னொன்று, எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்தியதும் உண்டு. உங்கள் வண்டி எதுவரை போகிறது என்று டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் பழைய நினைப்பில் கோயம்பேடு என்று எண்ண வேண்டாம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். தென் மாவட்ட அரசு பஸ்கள் இப்போது அங்கேதான் நிற்கின்றன. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து சுமார் 15.5 கி.மீ. நீட்டிக்கத் திட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் மாநகரப் பேருந்தில் ஜி.எஸ்.டி. சாலை வழியாக நேராக ஏர்போர்ட் வாசல் வரை வந்து, அங்கே மெட்ரோ ஏறலாம்.

இரண்டாம் படி: இரண்டு கோடுகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு, ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. ஏர்போர்ட் வரை வந்தது 2016 செப்டம்பரில். முதல் கட்டம் மொத்தம் 54 கி.மீ. போல வரும். இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., அந்த வேலைகளுக்காகப் பல சாலைகளில் தடுப்பு வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். வெளியூரிலிருந்து போகிறவருக்கு முதல் கட்டத்தின் நீலக் கோடும் பச்சைக் கோடும் தெரிந்தால் போதும்.

நீலக் கோடு வடக்கே விம்கோ நகரில் தொடங்கி, வண்ணாரப்பேட்டை, ஹைகோர்ட், சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி, ஆலந்தூர் வழியாக ஏர்போர்ட்டில் முடிகிறது. பச்சைக் கோடு சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலையில் முடிகிறது. இரண்டும் சந்திப்பது சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் மட்டும்தான். ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் இந்த இரண்டில் ஒன்றில்தான் மாற முடியும்.

பெயர்ப் பலகையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 2020-ல் மூன்று ஸ்டேஷன்களுக்குத் தலைவர்கள் பெயர் வைத்தார்கள். சென்ட்ரலுக்கு முன்னால் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். என்றும், ஆலந்தூருக்கு முன்னால் அறிஞர் அண்ணா என்றும் இருக்கும். கோயம்பேடு பஸ் நிலையத்துக்கான ஸ்டேஷன் புரட்சித் தலைவி டாக்டர் ஜெ. ஜெயலலிதா பெயரில் இருக்கிறது. கோயம்பேடு என்ற பெயரிலேயே தனியாக இன்னொரு ஸ்டேஷனும் உண்டு. எழும்பூர் பக்கமிருந்து கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் போகிறவர்கள் அதற்கு அடுத்ததில் இறங்க வேண்டும்.

இதை விடப் பெரிய குழப்பம் மீனம்பாக்கம். நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "மீனம்பாக்கம் ஏர்போர்ட்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரிலேயே மெட்ரோ ஸ்டேஷன் ஒன்றும் லோக்கல் ஸ்டேஷன் ஒன்றும் இருக்கின்றன. மெட்ரோவில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடாதீர்கள். அதற்கு அடுத்து, கடைசியாக வருவதுதான் விமான நிலையம். வண்டி அதற்கு மேல் போகாது, எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். லோக்கலிலும் அப்படியே, ஏர்போர்ட்டுக்கு இறங்க வேண்டியது திரிசூலத்தில்தான்.

மூன்றாம் படி: டிக்கெட்

கட்டணம் தூரத்தைப் பொறுத்து 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எவ்வளவு தூரம் போனாலும் 50-க்கு மேல் போகாது. கவுண்டரில் போகிற இடத்தைச் சொன்னால் கியூஆர் கோடு அச்சடித்த காகிதச் சீட்டு தருவார்கள். முன்பு நீல நிற வட்ட வில்லை ஒன்று கொடுத்தார்கள், இப்போது இந்தக் காகிதம்தான். போனிலேயே எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. மெட்ரோவின் செயலியில் எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் 83000 86000 என்ற எண்ணுக்கு ஹாய் என்று அனுப்பினாலும் போதும். எங்கிருந்து எதுவரை என்று கேட்கும், பணம் கட்டியதும் கியூஆர் கோடு வந்துவிடும். எழும்பூர் பிளாட்பாரத்தில் நடந்து வரும்போதே இதை முடித்துவிடலாம். போனில் எடுத்தவர்கள் கேட்டை நெருங்கும் முன்பே அந்தக் கியூஆர் கோடைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நின்று தேட வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறை சென்னை போகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது மாநகரப் பேருந்திலும் செல்லும், சில்லறை தேட வேண்டியதில்லை. எப்போதாவது போகிறவருக்கு அது தேவையில்லை.

90 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு டிக்கெட். அவரவர் சீட்டை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், ஒருவரே எல்லாவற்றையும் வைத்திருந்தால் கேட்டில் தடுமாற்றம்.

அந்தச் சீட்டை வெளியே வரும் வரை மடிக்காமல் வைத்திருக்க வேண்டும். என் அத்தைக்குப் பழக்கம் என்னவென்றால், டிக்கெட் எதுவானாலும் எட்டாக மடித்துச் சுருக்குப்பைக்குள், வெற்றிலைக்கு அடியில் வைத்துவிடுவார். பஸ் டிக்கெட்டுக்கு அது சரி. இறங்கும் ஸ்டேஷனில் எடுத்து நீட்டினால், மடிப்பு விழுந்து, ஓரத்தில் சுண்ணாம்பும் பட்டு, கேட்டில் சீட்டைக் காட்டும் கண்ணாடி மேல் எத்தனை முறை வைத்தாலும் கேட் திறக்கவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. அத்தைக்கு முகம் வாடிப்போனது. பக்கத்தில் இருந்த உதவி மையத்தில் காட்டினோம். அங்கிருந்த பெண் சீட்டை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, வாங்க" என்று பக்கத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் கேட்டோடு போராட வேண்டாம், நேரே உதவி மையத்துக்குப் போங்கள். எல்லா ஸ்டேஷனிலும் உண்டு, நன்றாகத் தமிழில் பேசலாம்.

நான்காம் படி: உள்ளே நுழைவது

வாசலில் பைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள், ஆளையும் சோதிப்பார்கள். இங்கே நம் ஊர்ச் சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்வா, முறுக்கு, கருப்பட்டி எதற்கும் தடை இல்லை. மகள் வீட்டுக்கு என்று அரிவாள்மனை, தேங்காய் வெட்டும் கத்தி கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அதை விட மாட்டார்கள். மண்ணெண்ணெய் மாதிரி தீப்பிடிக்கும் எதுவும் கூடாது. அரிசி மூட்டை, பெரிய அட்டைப்பெட்டி என்று இயந்திரத்துக்குள் நுழையாத அளவில் இருந்தால் மெட்ரோவை மறந்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள். கேட்டின் அகலமும் குறைவு. ஒவ்வொருவரும் ஒரு கையால் இழுக்கிற சக்கரப் பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை, இதுதான் மெட்ரோவுக்குப் பொருத்தமான அளவு.

கேட்டில் சீட்டைக் கண்ணாடி மேல் காட்டினால் தடுப்பு விலகும். பெட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு உடனே போங்கள். அடுத்தவர் தன் சீட்டைக் காட்டித்தான் வர வேண்டும், உங்கள் பின்னாலேயே ஒட்டி வரக் கூடாது. உள்ளே போன பிறகு நேரக் கணக்கு ஓடும், ஸ்டேஷனுக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் வெளியே வரும்போது கூடுதல் பணம் கேட்பார்கள். யாருக்காவது காத்திருப்பதாக இருந்தால் கேட்டுக்கு வெளியிலேயே காத்திருங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தையும் வெளியிலேயே முடித்துவிடுங்கள், வண்டிக்குள் சாப்பிடக் கூடாது.

அப்புறம் நகரும் படிக்கட்டு. வயதானவர்களுக்கு மெட்ரோவில் பயம் இது ஒன்றுதான், அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழும்பூரில் அத்தை அதன் முன்னால் நின்று, "இது நிக்கவே மாட்டேங்குதே, இதுல எப்படில கால வைக்க?" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் நகம் பதிந்தது. முதலில் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன், நுனி படியின் ஓரத்தில் மாட்டாமல் இருப்பதற்கு. அடுத்த கை ரப்பர் கைப்பிடியில். ஒவ்வொரு படிக்கும் ஓரத்தில் மஞ்சள் கோடு இருக்கும், அந்தக் கோட்டை மிதிக்காமல் நடுவில் கால் வைக்க வேண்டும். நான் அவருக்கு ஒரு படி கீழே, முகம் அவர் பக்கம் திரும்பியபடி நின்றுகொண்டேன். இறங்கும்போது துணைக்கு வருபவர் கீழேயும், ஏறும்போது பின்னாலேயும் நிற்க வேண்டும். தடுமாறினால் தாங்க அதுதான் வசதி. இருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர்களையும், முதல்முறை வருகிறவர்களையும் லிஃப்டில் அழைத்துப் போவதே நல்லது. எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது, கொஞ்சம் ஓரமாக இருக்கும், காவலரைக் கேட்டால் காட்டுவார்.

சுரங்க ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவுகள் உண்டு. வண்டி வந்து நின்றதும் அவையும் திறக்கும். இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு, பிறகு ஏறுங்கள். கதவு மூடும் ஒலி கேட்ட பிறகு ஓடிப் போய் நுழையாதீர்கள், அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும். வண்டியில் பெண்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. குடும்பத்தோடு போகும்போது ஆண்கள் தெரியாமல் அங்கே ஏறிவிடுவது நடக்கிறது, பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனையும் தமிழில் அறிவிப்பார்கள்.

ஐந்தாம் படி: எழும்பூரிலிருந்து ஏர்போர்ட்

எழும்பூரிலேயே இறங்கிவிட்டவர்களுக்கும், நகரத்தில் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கும் இது. எழும்பூர் பச்சைக் கோட்டில் இருக்கிறது, ஏர்போர்ட் நீலக் கோட்டில். மாறுவதற்கு இரண்டு வழி. ஒரே ஸ்டேஷன் சென்ட்ரல் போய், அங்கே நீலக் கோட்டுக்கு மாறி, 13-வது ஸ்டேஷனில் ஏர்போர்ட். அல்லது பரங்கிமலை பக்கம் போகும் வண்டியில் அண்ணா நகர், கோயம்பேடு சுற்றி 14-வது ஸ்டேஷனான ஆலந்தூரில் மாறி, அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன். எண்ணிப் பார்த்தால் சென்ட்ரல் வழி 14, ஆலந்தூர் வழி 17.

நான் சென்ட்ரல் வழியைத்தான் சொல்வேன். சென்ட்ரலில் இரண்டு கோடுகளும் பூமிக்கு அடியில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடுகின்றன, கேட்டை விட்டு வெளியே வராமலே மாறலாம். வண்டியை விட்டு இறங்கியதும் கூட்டத்தோடு போய்விடாதீர்கள், கூட்டம் பெரும்பாலும் வெளியே போகிற கூட்டம். நின்று, நீல நிறப் பலகையைத் தேடி, விமான நிலையம் என்று போட்டிருக்கும் பிளாட்பாரத்துக்குப் போங்கள். அதே கோட்டில் எதிர்ப்பக்கம் போவது விம்கோ நகர் வண்டி. ஆனால் காலை 8 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் அண்ணா சாலைப் பகுதியில் வண்டி நிரம்பி இருக்கும். பெட்டிகளோடு அந்த நேரத்தில் போக நேர்ந்தால், மூன்று ஸ்டேஷன் கூடினாலும் பரவாயில்லை என்று ஆலந்தூர் வழியை எடுக்கலாம்.

சைதாப்பேட்டை வரை சுரங்கம்தான், ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வண்டி மேலேறி வெளிச்சத்துக்கு வரும், அடையாறு தெரியும், சின்னமலை வரும். அதிலிருந்து கிண்டி, ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், விமான நிலையம். மாறுவதையும் சேர்த்து எழும்பூரிலிருந்து ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டால் நிதானமாகப் போகலாம்.

ஏர்போர்ட் ஸ்டேஷனும் உயரத்தில்தான் இருக்கிறது. கேட்டை விட்டு வெளியே வந்ததும் நடைமேம்பாலம் வழியாகவே முனையங்களுக்குப் போகலாம், சாலையில் இறங்க வேண்டாம். உங்கள் டிக்கெட்டில் டி1 அல்லது டி4 என்று இருந்தால் உள்நாட்டு விமானம், டி2 என்றால் வெளிநாடு. 2023 ஏப்ரலில் திறந்த புதிய கட்டடம்தான் டி2. பாலத்தில் போகும்போதே எந்தப் பக்கம் என்று பலகை காட்டும். எண்ணை முன்பே பார்த்து வைத்திருந்தால் பெட்டியோடு இரண்டு முறை நடக்க வேண்டியதில்லை.

நகரத்துக்குள் எங்கே இறங்குவது

அரசுப் பொது மருத்துவமனைக்கு சென்ட்ரல். அந்த ஸ்டேஷன் மிகப் பெரியது, மருத்துவமனைப் பக்கம் ஏறும் வாசலைப் பலகையில் பார்த்துப் போனால் சாலையைக் கடக்காமலே ஆஸ்பத்திரி முன்னால் வந்துவிடலாம். நோயாளியோடு போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஓமந்தூரார் மருத்துவமனைக்கு அரசினர் தோட்டம், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு கீழ்ப்பாக்கம். வழக்கு விஷயமாக வருகிறவர்களுக்கு ஹைகோர்ட் என்றே ஸ்டேஷன் இருக்கிறது. வடபழனி முருகனுக்கு வடபழனி. தியாகராய நகருக்கு நேராக ஸ்டேஷன் இல்லை. நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ இறங்கி ஆட்டோ பிடிப்பார்கள். ஆனால் கல்யாணத் துணி எடுக்கக் குடும்பமாக வருகிறவர்கள் தாம்பரத்திலிருந்து லோக்கலில் மாம்பலம் போவதே சுலபம், ரங்கநாதன் தெரு வாசலிலேயே இறங்கலாம்.

திரும்பும்போதும், அகால நேரத்திலும்

ஊருக்குத் திரும்பும் ரயில்கள் பெரும்பாலும் இரவில்தான். வெளிநாட்டிலிருந்து வந்து மாலையில் ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்கள், "தாம்பரம் பக்கம்தானே" என்று திரிசூலத்தில் லோக்கல் ஏறப் பார்ப்பார்கள். மாலை 6 மணிக்கு மேல் தாம்பரம் போகும் லோக்கலில் வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம் தொங்கிக்கொண்டு வரும். பெட்டிகளோடு அதில் ஏற முடியாது. அந்த நேரத்துக்கு மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, பரங்கிமலை வண்டியில் மாறி, அடுத்த ஸ்டேஷன் எழும்பூரில் இறங்குங்கள். வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறி நிதானமாக உட்காரலாம். காசு செலவானாலும் சரி என்றால் ஏர்போர்ட்டிலிருந்து தாம்பரத்துக்கு டாக்சி.

மெட்ரோ காலை 5 மணி வாக்கில் தொடங்கி, இரவு 11 மணியோடு முடிகிறது. வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான். அதிகாலை 3 மணிக்கு விமானம் என்றால், மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள் என்பதால் இரவு 10 மணிக்குள் மெட்ரோவில் ஏறிவிடுங்கள், சரியாக இருக்கும். பிள்ளையை வழியனுப்ப வந்த பெற்றோருக்குத்தான் சிரமம். உள்ளே அனுப்பிவிட்டு, கண்ணாடி வழியாகக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினால் மணி 11-ஐத் தாண்டியிருக்கும், கடைசி வண்டி போயிருக்கும். அவர்களுக்குத் திரும்ப டாக்சியை முன்கூட்டியே பேசி வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் பல்லாவரத்திலோ மீனம்பாக்கத்திலோ ஓர் அறை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலையில் லோக்கல் பிடித்துத் தாம்பரம் வரச் சொல்லுங்கள்.